தைப்பூச நாடாவும் கல்யாண விசிடியும்: பினாங்குக் குடும்பம் ஒன்றின் வீடியோ மீட்பு

## பின்னணி

ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழைய வீடியோக்களை மீட்டெடுத்த வேலையைப் பற்றிய பதிவு இது. ஜெலுத்தோங்கில் நானும் தம்பியும் நடத்தும் சிறிய கடையில் வேலை நடந்தது. வீட்டுக் கேசட்டுகளையும் தட்டுகளையும் கணினிக் கோப்பாக மாற்றித் தருவதுதான் எங்கள் தொழில். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களைச் சொல்லவில்லை.

1990களின் தொடக்கத்தில் அந்த வீட்டுத் தாய்மாமா ஒருவரிடம் தோளில் வைத்துப் படம்பிடிக்கும் விஎச்எஸ் (VHS, அன்று வீடுகளில் வழங்கிய வீடியோ கேசட் வகை) கேமரா இருந்தது. வீட்டில் விசேஷம் என்றால் அவர்தான் எடுப்பார். தாத்தா பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்த ஒரு தைப்பூசம், மூத்த மகனின் கல்யாணம், புதுமனை புகுவிழா எல்லாம் கேசட்டில் ஏறின. தாத்தா இப்போது இல்லை. அவர் நடந்து, பேசி, சிரித்த படம் என்று அந்தக் குடும்பத்திடம் இருந்தவை இந்தப் பதிவுகள் மட்டுமே. அவர் காவடி எடுத்துப் போனது மலையுச்சியில் இருந்த பழைய கோயிலுக்கு. இன்று நாம் 513 படி ஏறிப் போகும் பெரிய கோயில் 2012-ல் வந்தது. ஆகவே அந்த நாடாவில் இருப்பது ஒரு குடும்பத்தின் நினைவு மட்டுமல்ல.

2003 வாக்கில் இளைய மகன் எல்லாக் கேசட்டுகளையும் ஒரு கடையில் கொடுத்து விசிடியாக (வீடியோ பதிந்த சிடி தட்டு) மாற்றி வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வீடு மாறியபோது, 'அதான் விசிடியில இருக்கே' என்று கல்யாணக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். தைப்பூச நாடாவும் புதுமனை புகுவிழா நாடாவும் மட்டும் தப்பின. பாட்டி அவற்றைத் தன் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். யாரும் அங்கே கை வைக்கவில்லை.

இளைய மகனின் முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் மலேசியாவில் எல்லா வீட்டிலும் நடந்தது அதுதான். வீசிஆர் (கேசட் ஓட்டும் கருவி) பழுதானால் சரிசெய்யும் செலவுக்கு ஒரு விசிடி பிளேயரையே வாங்கிவிடலாம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தட்டுகள் குவிந்து கிடந்தன. ரீவைண்ட் செய்ய வேண்டியதில்லை, நாடா சிக்காது, வேண்டிய இடத்துக்கு உடனே தாவலாம், ஒன்றை நாலாக்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப்படம் பார்க்க நடுவில் எழுந்து தட்டை மாற்ற வேண்டியிருந்தது. அதை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை.

## கடைக்கு வந்தபோது

2025-ல் பாட்டியின் பிறந்தநாளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று பிள்ளைகள் விசிடிகளை எடுத்திருக்கிறார்கள். தைப்பூசத் தட்டு பிளேயரில் ஏறவேயில்லை. கல்யாணத்தின் முதல் தட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்து, தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அப்புறம் ஒரு பேரன் இணையத்தில் பழைய வீசிஆர் ஒன்றை வாங்கி, புதுமனை புகுவிழா நாடாவைப் போட்டுப் பார்த்தார். சில நிமிடத்தில் படம் பனிமூட்டமாகி, நாடா உள்ளே சுற்றிக்கொண்டது. கத்தரிக்காமல் எப்படியோ வெளியே எடுத்துவிட்டார்கள்.

மூத்த மகள்தான் எங்களிடம் கொண்டுவந்தார். பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு கேசட், பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம் ஒன்றில் விசிடிகள்.

"தம்பி, சிடிய எப்படியாவது பாத்துக் குடுங்க. கேசட்டு எப்படியும் போயிருக்கும்ல? சும்மா கொண்டாந்தேன்."

"அக்கா, கேசட்ட யாரும் இனிமே எதுலயும் போட வேணாம். அதுதான் எங்களுக்கு முக்கியம்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டு புதியது, நாடா பழையது. புதியதில்தான் படம் நன்றாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். இந்த வேலை முழுதும் அந்த எண்ணத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

## கண்டவை: தட்டுகள்

வந்தவை எல்லாம் வீட்டு முறையில் எரித்த சிடி-ஆர் தட்டுகள். ஆலையில் அச்சடித்த சினிமா விசிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாகப் பதிந்திருக்கும். எரித்த தட்டில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு அடையாளம் வைக்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல மாற்றிவிடும். கடையில் வாங்கிய பழைய படத் தட்டு இன்றும் ஓடும்போது, அதே பெட்டியில் கிடந்த கல்யாணத் தட்டு ஓடாமல் போவதற்கு இதுதான் முதற்காரணம்.

இரண்டாவது காரணம் மேலே ஒட்டிய காகிதம். மணமக்கள் படம் அச்சிட்ட வட்ட ஸ்டிக்கர் ஒவ்வொரு தட்டிலும் இருந்தது. சிடியில் கண்ணாடிபோல் மின்னும் உலோகப் படலம் அடிப்பக்கத்தில் இல்லை. பெயர் எழுதும் மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. பினாங்கின் ஈரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு எழும்போது அந்தப் படலத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தோம். கல்யாணத்தின் முதல் தட்டில் வெளியோரமாக ஊசிமுனை அளவிலிருந்து விரல்நகம் அளவு வரை ஓட்டைகள். வெளிச்சம் நேராக இந்தப் பக்கம் வந்தது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குகளுக்கு நடுவே இருப்பதால் இப்படி உரியாது. சிடியின் மேற்பக்கத்தை யாரும் பாதுகாப்பதில்லை, எல்லோரும் அடிப்பக்கக் கீறலைத்தான் பார்க்கிறார்கள்.

சிடி உள்வட்டத்திலிருந்து வெளியோரம் நோக்கி எழுதப்படும். அதனால் தட்டு நிறைந்திருந்தால் அதில் உள்ள கடைசிப் பகுதி ஓரத்தில் வந்து விழும். விரல் படுவதும், ஸ்டிக்கர் எழுவதும் அங்கேதான். அந்தத் தட்டின் ஓரத்தில் இருந்தது தாலி கட்டு.

விசிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சாதாரணக் கணினிச் சிடியில் ஒரு பகுதிக்கு 2048 பைட் தகவல் வைத்து, மீதி இடத்தில் பிழையைத் திருத்தும் கூடுதல் கணக்கையும் எழுதுவார்கள். விசிடியில் படம் கொள்ள வேண்டும் என்பதற்காக அந்தக் கூடுதல் கணக்கை விட்டுவிட்டு 2324 பைட் படத்தையே நிரப்புகிறார்கள். அதே கீறல் கணினிச் சிடியில் தெரியாமல் போகலாம். விசிடியில் திரையில் தெரியும்.

## கண்டவை: நாடாக்கள்

பினாங்கில் ஆண்டு முழுதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தைப்பூசக் கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தபோது, சுற்றிய நாடாவின் விளிம்பில் விபூதி தூவியது போல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. புதுமனை புகுவிழா நாடாவிலும் அதே வெள்ளை; போதாததற்கு, வீசிஆரில் சிக்கிய இடத்தில் மடிப்பும் விழுந்திருந்தது.

பூஞ்சை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். விஎச்எஸ் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். படம் அதன் நடுவில் சாய்வான கோடுகளாகப் பதிவாகிறது. சாதாரண ஒலி மேல் விளிம்பிலும், ஓட்டத்தைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டுத் துடிப்பு கீழ் விளிம்பிலும் இருக்கும். பூஞ்சை விளிம்பிலிருந்து உள்ளே வருவதால் முதலில் அடிவாங்குவது ஒலியும் ஓட்டமும்தான். படம் பெரும்பாலும் தப்பிக்கும். பேரனின் வீசிஆரில் படம் மறைந்ததால் நாடாவே அழிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் பூஞ்சைத் தூள் நாடாவைப் படிக்கும் வீசிஆரின் தலையில் அப்பிக்கொண்டதால்தான் படம் மறைந்தது. அந்தத் தலை ஏறிய உருளை, மலேசியாவில் வழங்கிய 'பால்' (PAL) டிவி முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அழுக்கோடு அதில் ஓடும் ஒவ்வொரு நொடியும் நாடாவைச் சுரண்டும்.

## முடிவுகளும் காரணங்களும்

தட்டுகளை முதலில் படித்துவிடுவது, நாடாக்களை உலரும்வரை தொடாமல் வைப்பது என்று தீர்மானித்தோம். தட்டை ஒருமுறை படிப்பதால் அதற்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஈரத்தோடு இருக்கும் நாடாவை ஓட்டினால் கெடுதல் உறுதி.

ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம் என்பது அடுத்தது. அசிங்கமாகச் சுருண்டு நிற்பதை இழுத்துவிடத்தான் கை பரபரக்கும். இழுத்தால் மிச்சமிருக்கும் உலோகமும் போய்விடும். சுருண்ட ஓரத்தை மெல்ல அமுக்கி, தட்டு சுழலும்போது தட்டாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டிலும் இருக்கும் தைப்பூசத்தை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் குடும்பத்தோடு நீண்ட பேச்சு நடந்தது. விசிடியை மீட்டால் செலவு குறைவு, இரண்டு நாளில் வேலை முடியும். நாடாவுக்கு வாரக்கணக்கில் ஆகும். நான் நாடாவைத்தான் வற்புறுத்தினேன், காரணத்தையும் சொன்னேன். பால் விஎச்எஸ் நொடிக்கு 50 அரைச்சட்டங்களாக (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் பிடித்த பாதிப் படங்கள்), 576 வரிகளில் படத்தைப் பிடிக்கிறது. 1993-ல் வந்த விசிடி வரையறையில் படத்தின் அளவு 352-க்கு 288. நொடிக்கு 25 சட்டம். விஎச்எஸ்ஸை விசிடியாக்கும்போது பொதுவாக இரண்டு அரைச்சட்டத்தில் ஒன்று குப்பைக்குப் போகிறது. மிஞ்சியதையும் நொடிக்கு 1150 கிலோபிட்டுக்குள் அமுக்க வேண்டும். ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு அது போதும். தைப்பூசக் கூட்டத்துக்குப் போதவே போதாது.

டிவிடி இந்தக் கணக்கில் வராது. 1996-ல் வந்த டிவிடியின் பால் வரையறை 720-க்கு 576. அரைச்சட்டங்களை அப்படியே வைத்துக்கொள்ளும். 2003-ல் அந்தக் குடும்பம் டிவிடியாக மாற்றியிருந்தால் இந்த ஆய்வில் பாதியை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அப்போது எரிக்கும் டிவிடிக்கான செலவும் கருவியும் எல்லாக் கடையிலும் இல்லை, மக்களும் கேட்கவில்லை.

## வேலை நடந்த விதம்

தட்டுகளை வெவ்வேறு டிரைவ்களில், குறைந்த வேகத்தில் படித்தோம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடும். கிடைத்த துண்டுகளை ஒட்டிக்கொள்ளலாம். தைப்பூசத் தட்டு இந்த வழியில் ஏறக்குறைய முழுதாக வந்தது. கல்யாணத்தின் இரண்டாம் தட்டும் வந்தது. முதல் தட்டில் ஓட்டை விழுந்த ஓரத்தை எந்த டிரைவாலும் படிக்க முடியவில்லை. உலோகம் இல்லாத இடத்தில் லேசர் எதில் பட்டுத் திரும்பும்?

நாடாக்களைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்து, வெள்ளைப் படலம் காய்ந்து தூளாகும்வரை காத்திருந்தோம். பிறகு முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே, காற்றோட்டத்தில் திறந்தோம். பூஞ்சைத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது. கடைக்குள் திறந்தால் மற்றவர்களின் கேசட்டுகளிலும் ஒட்டும். கேசட்டின் அடியில் ஐந்து திருகாணி. கழற்றி, நாடாச் சுருளின் விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்து, புதிய கூட்டுக்குள் மாற்றினோம். மடிந்த இடத்தை விரலால் நீவிச் சமப்படுத்தியதோடு சரி, வெட்டவில்லை.

முதல் சில ஓட்டங்களுக்கு இதற்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய வீசிஆரைப் பயன்படுத்தினோம். முன்னும் பின்னும் சுற்றவிட்டு, நாடா போகும் வழியில் துணி வைத்து மிச்சத் தூளை எடுத்தோம். உண்மையான பதிவுக்கு எஸ்-விஎச்எஸ் டெக் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகைக் கருவி). அதன் வரித் திருத்தி, ஆடும் வரிகளை நேராக்கித் தரும். அரைச்சட்டங்களைக் கலைக்காமல், இழப்பில்லா முறையில் கோப்பாக்கினோம்; ஒரு மணிநேரப் படத்துக்கு ஏறத்தாழ 30 ஜிபி ஆகிறது. இந்த டெக் போனால் புதிதாக வாங்க வழியில்லை. கடைசிவரை வீசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016-ல் நிறுத்திவிட்டது. 2025-க்குள் நாடாக்களைக் கோப்பாக்கிவிடுங்கள் என்று யுனெஸ்கோ 2019-லேயே எச்சரித்ததற்குக் காரணம் நாடா அழுகுவது மட்டுமல்ல, ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் கிடைக்காமல் போவதுதான்.

## இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது

மூத்த மகளைக் கடைக்கு வரச்சொல்லி, தைப்பூசத்தின் ஒரே காட்சியை இரண்டு திரையில் ஓட்டினோம்.

வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய் உடைக்கும் இடம் அது. விசிடியில் சாலை முழுக்கச் சாம்பல் நிறச் சதுரங்கள். ஆட்கள் கையைத் தூக்குவது தெரிகிறது, தேங்காய் தெரியவில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் எல்லாமே அசைவதால் 1150 கிலோபிட் தீர்ந்துபோய், படம் கரைந்துவிடுகிறது. நாடாவில் நிறம் மங்கல்தான், மேலே கொஞ்சம் இரைச்சலும் ஓடுகிறது. ஆனால் தேங்காய் தரையில் மோதி, ஓடு பிளந்து, தண்ணீர் விளக்கொளியில் சிதறுவது தெரிகிறது. ஓரத்தில் ஒரு சின்னப் பெண் தெறிக்கும் ஓட்டுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்வதும் தெரிகிறது. அந்தப் பெண் யார் என்று மூத்த மகளுக்குத் தெரிந்தது: அவருடைய தங்கை. விசிடியில் அவர் ஒரு சதுரம் கூட இல்லை.

ஒலியில் வித்தியாசம் இன்னும் பெரிது. விசிடி செய்து கொடுத்த கடை, அக்கால வழக்கப்படி, தைப்பூசப் பதிவு முழுதும் பக்திப்பாடல் போட்டுவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாடாவில் மாமாவின் கேமரா பிடித்த ஒலி அப்படியே கிடந்தது. மேல் விளிம்பைப் பூஞ்சை அரித்த இடங்களில் ஒலி தேய்ந்து தேய்ந்து வந்தாலும், காவடி தூக்குமுன் தாத்தா பேரப்பிள்ளைகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு, "கையப் புடிச்சுக்கிட்டே வாங்க, விட்டுராதீங்க" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. இருபது ஆண்டுகளாக அந்த விசிடியைப் பார்த்துவந்த குடும்பத்துக்கு, அதில் அவர் பேசுகிறார் என்பதே தெரியாது.

நாடா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். கெட்ட இடத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏதாவது மிஞ்சும். எரித்த தட்டு கடைசி நாள்வரை அச்சு அசலாக ஓடிவிட்டு, ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடும். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் முன்னெச்சரிக்கை கிடைக்காது.

## ஈப்போவிலிருந்து வந்த தட்டு

கல்யாணத்தின் தாலி கட்டுப் பகுதி கிடைக்கவில்லை என்று சொல்லி, மீட்டதை மட்டும் கொடுக்கத் தயாரானோம். அந்தப் பேச்சில்தான் இளைய மகன் ஒரு விவரம் சொன்னார்: 2003-ல் விசிடி போட்டபோது சொந்தக்காரர்களுக்கும் பிரதி கொடுத்திருக்கிறார். கோலாலம்பூரில் கொடுத்தவை போன இடம் தெரியவில்லை. ஈப்போவில் இருக்கும் சித்தி வீட்டில் ஒரு செட் இருந்தது.

அந்தத் தட்டில் ஸ்டிக்கர் இல்லை. மார்க்கர் பேனாவால் நடுவளையத்தில் பெயர் மட்டும் எழுதி, கெட்டியான பெட்டியில் போட்டு, இருட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். வெற்றுத் தட்டின் வகையும் வேறு. ஒரு பிழை இல்லாமல் கடைசிவரை படித்தது. தாலி கட்டு, அட்சதை, தாத்தா மணமக்களை ஆசீர்வதிப்பது எல்லாம் விசிடித் தரத்தில் திரும்பி வந்தன.

தட்டுக்கு உரிய மரியாதையை இங்கே கொடுத்தாக வேண்டும். கேசட்டாகவே இருந்திருந்தால் ஈப்போவுக்குப் பிரதி போயிருக்காது. நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுப்பது நேரமும் காசும் பிடிக்கும், ஒவ்வொரு நகலிலும் படம் மங்கும். தட்டு நீண்டநாள் வைத்திருக்கத் தகுந்ததாக இல்லை. ஆனால் பல வீடுகளுக்குச் சுலபமாகப் பரவியது, அதனால்தான் தாலி கட்டு பிழைத்தது.

## கையளித்தவை

மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தோம். ஒன்று மூத்த மகள் வீட்டில், இன்னொன்று கோலாலம்பூரில் இளைய மகன் வீட்டில். மூலத்தைப் பதிவுத் தட்டில் வைக்கச் சொல்லவில்லை. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு ப்ளூ-ரே தட்டுகளையும் மினிடிவி (கைக்கேமராவில் போடும் சிறிய) கேசட்டுகளையும் ஒன்றாகவே நிறுத்தியது. வீட்டுக்காரர்களுக்கு நாடாவும் தட்டும் இரண்டுமே முடிந்துகொண்டிருக்கிற வழிகள்தான்.

ஆனாலும் பாட்டிக்கு ஒரு டிவிடி போட்டுக் கொடுத்தோம், அவர் கேட்டதால். அவர் அறையில் டிவிடி பிளேயர் இருக்கிறது, அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியும். பென்டிரைவ் என்றால் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

துடைத்த நாடாக்களை முழுதாகச் சுற்றி, நிற்க வைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் திருப்பிக் கொடுத்தோம். கோப்பாகிவிட்டதே என்று அவற்றைப் போட்டுவிட வேண்டாம் என்று குறிப்பாகச் சொன்னோம்.

## இனி மாற்றிச் செய்பவை

வேலையை வாங்கும்போதே 'இதன் பிரதி வேறு யார் வீட்டில் இருக்கிறது?' என்று கேட்டு, அந்த வீடுகளுக்குப் போன் போடவைக்கிறோம். ஓட்டை விழுந்த தட்டோடு போராடும் முன் ஈப்போவைக் கேட்டிருந்தால் போதும். வேலையை வாங்கும்போது எழுதும் தாளில், கொண்டுவந்த கேசட்டை அண்மையில் யாராவது ஓட்டிப் பார்த்தார்களா என்பதையும் எழுதி வாங்குகிறோம். ஓட்டியிருந்தால் அந்த வீசிஆரையும் சுத்தம் செய்யும்வரை தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் போகும்.

விசிடி மட்டும் கொண்டுவருபவர்களிடம் மூலக் கேசட்டைத் தேடச் சொல்வதையும் வழக்கமாக்கியிருக்கிறோம். படம்பிடித்தவர் வீட்டிலும் தேட வேண்டும். இந்தக் குடும்பத்தின் தாய்மாமா இப்போது பட்டர்வொர்த்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். கல்யாணத்தன்று தன் கேமராவில் கழற்றி மாற்றிய ஒரு கேசட்டை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். ஸ்டோர் அறையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் உலர்த்தும் பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.